ஏமி வைன்ஹவுஸ் (1983 - 2011): பழைய மெட்டில் ஒரு புதிய துயரம்

ஆன்மா என்று பொருள்படும் சோல் இசை, 1950களின் இறுதியிலும் 60களிலும் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே உருப்பெற்றது. தேவாலயத்தில் கடவுளை நோக்கி எழுந்த குரலை, அதன் உருக்கம் குறையாமல் மனிதக் காதலின் பக்கம் திருப்பியதுதான் சோல். நம் பக்தி இலக்கியத்தை அறிந்தவர்களுக்கு இந்த இடமாற்றம் எளிதில் விளங்கும். நாம் காதலின் மொழியைக் கடவுளிடம் கொண்டு போனோம். அவர்கள் கடவுளிடம் பேசிய மொழியைக் காதலுக்குக் கொண்டு வந்தார்கள். பின்னர் தாளத்தையும் பேஸ் கித்தாரையும் முன்னுக்குத் தள்ளி ஜேம்ஸ் பிரவுன் போன்றவர்கள் வளர்த்தெடுத்தது ஃபங்க்.

புதிய நூற்றாண்டு பிறந்தபோது இவ்விரு இசைகளின் பழைய வடிவமும் பெரும்பாலும் இசைத்தட்டு சேகரிப்பவர்களின் அலமாரிகளுக்குள் அடங்கிவிட்டது. பத்தாண்டுகளுக்குள் அது மீண்டும் உலகின் முன்வரிசைக்கு வந்தது. அப்படிக் கொண்டு வந்தவர்களில் முதலில் நினைவுக்கு வரும் பெயர், வடக்கு லண்டனில் பிறந்து 27 வயதில் மறைந்த ஏமி வைன்ஹவுஸ். உயிரோடு இருந்த காலத்தில் அவர் வெளியிட்டவை இரண்டே இசைத்தொகுப்புகள்.

ஏமி 1983ம் ஆண்டு செப்டம்பர் 14ந் தேதி என்ஃபீல்டில் உள்ள சேஸ் ஃபார்ம் மருத்துவமனையில் பிறந்தார். வளர்ந்தது சவுத்கேட்டில். வடக்கு லண்டனில் வாழும் தமிழர்கள் அன்றாடம் கடந்து போகும் இடங்கள்தாம் இவை. ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் குடிபெயர்ந்த யூதர்களின் வழிவந்த குடும்பம். தாய் ஜானிஸ் மருந்தாளராகப் பணிபுரிந்தவர். தந்தை மிட்ச் பின்னாளில் வாடகைக் கார் ஓட்டியவர். வீட்டில் ஃபிராங்க் சினாட்ராவின் பாடல்களை ஓயாமல் பாடுபவர். தாய்வழி உறவினர்களில் தொழில்முறை ஜாஸ் கலைஞர்கள் இருந்தார்கள். தந்தையின் தாயான சிந்தியா பாடகி. சோஹோவில் புகழ்பெற்ற ஜாஸ் மன்றத்தை நிறுவிய ரோனி ஸ்காட் ஒரு காலத்தில் சிந்தியாவை விரும்பினார் என்பது குடும்பத்தில் வழங்கிவந்த கதை.

ஏமிக்கு ஒன்பது வயதானபோது பெற்றோர் பிரிந்தார்கள். அவருக்குப் பிடிமானமாக நின்றவர் பாட்டி சிந்தியாதான். பேத்தியின் குரலை அடையாளம் கண்டு நாடகப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னவரும் அவரே. பிற்காலத்தில் ஏமி தன் கையில் பாட்டியின் பெயரையே பச்சை குத்திக்கொண்டார். பத்து வயதில் தோழியோடு சேர்ந்து ராப் பாடத் தொடங்கினார். அண்ணனின் கித்தாரை எடுத்து வாசித்துப் பழகி, 14 வயதில் சொந்தமாக ஒன்று வாங்கினார். சில்வியா யங் நாடகப் பள்ளியிலும், பிறகு க்ராய்டனில் உள்ள பிரிட் பள்ளியிலும் பயின்றார். அரசு நிதியில் கட்டணமின்றிக் கலை கற்பிக்கும் இந்தப் பள்ளியிலிருந்துதான் சில ஆண்டுகள் கழித்து அடெலும் வந்தார். 2000ம் ஆண்டில் ஏமி தேசிய இளைஞர் ஜாஸ் இசைக்குழுவில் பாடினார். நண்பரும் பாடகருமான டைலர் ஜேம்ஸ் அவருடைய பாடல் பதிவை இசைத்துறையில் இருந்தவர்களிடம் கொண்டு சேர்த்தார். வாய்ப்பு வந்தது, ஐலண்ட் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது.

முதல் தொகுப்பான 'ஃபிராங்க்' 2003 அக்டோபரில் வெளியானது. சாலம் ரெமி முதன்மைத் தயாரிப்பாளர். டைனா வாஷிங்டன், சாரா வான் ஆகியோரின் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண், ஹிப்ஹாப் தாளத்தின் மீது ஜாஸ் குரலை ஏற்றிப் பாடினார். அதில் இடம்பெற்ற 'ஸ்ட்ராங்கர் தேன் மீ' 2004ல் ஐவர் நொவெல்லோ விருது பெற்றது. பாட்டெழுதுபவர்களுக்கு பிரிட்டனில் தரப்படும் மிக மதிப்பான விருது அது. ஆனால் ஏமிக்கு அந்தத் தொகுப்பின் மீது முழுத் திருப்தி இல்லை என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கூர்மையும் குறும்பும் நிறைந்த பாடல்கள்தாம். ஆனால் ஒரு மணி நேரத்தை நெருங்கும் அத்தொகுப்பில் சொற்கள் சுற்றிச் சுற்றி வரும். அவருக்கு வேறொரு வடிவம் தேவைப்பட்டது.

அந்த வடிவத்தின் கதைக்கு லண்டனிலேயே ஒரு முன்கதை உண்டு. அமெரிக்கா மறக்கத் தொடங்கியதை பிரிட்டன் பத்திரப்படுத்தியது என்றே சொல்லலாம். 1965ல் லண்டனில் பிறந்த பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட், டெட்ராய்டின் மோடவுன் நிறுவனக் கலைஞர்களை பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு தனி நிகழ்ச்சி வழியாக அறிமுகப்படுத்தினார். 70களில் வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களில், விகன் கசினோ போன்ற அரங்குகளில், ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் விற்பனையாகாமல் போன அமெரிக்க சோல் இசைத்தட்டுகளுக்கு விடிய விடிய ஆடினார்கள். 80களில் லண்டனில் நார்மன் ஜே என்ற டிஜே, கிஸ் எஃப்எம் உரிமம் இல்லாமல் இயங்கிய நாட்களில், மறக்கப்பட்ட ஃபங்க் பாடல்களைத் தேடித்தேடி ஒலிபரப்பினார். கேம்டனில் உள்ள டிங்வால்ஸ் அரங்கில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கைல்ஸ் பீட்டர்சன் நடத்திய இசைக்கூட்டங்கள் பெயர்பெற்றவை. அதே கேம்டன்தான் பின்னாளில் ஏமியின் ஊரானது. பழைய சோல் இசைக்கு லண்டனில் காதுகள் பழகியிருந்தன. வெளியே சென்று பாட ஒரு குரல்தான் வேண்டியிருந்தது.

இசைக்கருவிகளோ அட்லாண்டிக்குக்கு அப்பால் காத்திருந்தன. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கேப்ரியல் ராத், நீல் சுகர்மன் இருவரும் 2001ல் டாப்டோன் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். அதன் இசைக்குழு டாப் கிங்ஸ். கணினியைத் தவிர்த்துப் பழைய டேப் கருவியிலேயே பதிவு செய்வது அவர்கள் வழக்கம். அந்தக் குழுவின் முன்நின்று பாடியவர் ஷரோன் ஜோன்ஸ். ஜார்ஜியாவின் அகஸ்டாவில் 1956ல் பிறந்த கறுப்பினப் பெண். ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக வேலை பார்த்தவர். அவருடைய முதல் தொகுப்பு வெளியான 2002ல் அவருக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது. முன்பொரு இசை நிறுவனத்தார் அவருடைய நிறத்தையும் உயரத்தையும் வயதையும் காரணம் காட்டித் திருப்பி அனுப்பியதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

2006 மார்ச்சில் ஏமி நியூயார்க் சென்று மார்க் ரான்சனைச் சந்தித்தார். ரான்சனும் லண்டனில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர், டிஜேயாக இருந்து தயாரிப்பாளர் ஆனவர். ஏமி அப்போது ஒரு காதல் முறிவின் காயத்தில் இருந்தார். விரும்பியவர் தன் பழைய காதலியிடம் திரும்பிப் போயிருந்தார். 60களின் பெண்குழுவான ஷாங்ரிலாஸின் பாடல்களை ஏமி ரான்சனுக்குப் போட்டுக் காட்டினார். பதின்வயதுக் காதலும் சாவும் கண்ணீரும் மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும் பாடல்கள் அவை. அன்றிரவே ரான்சன் ஒரு பியானோ மெட்டை அமைத்து வைக்க, மறுநாள் ஏமி அதற்குச் சொற்களை எழுதினார். அதுவே 'பேக் டு பிளாக்'.

ரான்சன் தன் பங்குப் பாடல்களுக்கு டாப் கிங்ஸ் கலைஞர்களை அழைத்தார். டிரம்ஸ், பேஸ், கித்தார், பியானோ என எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்தார்கள். ஒரு கருவியின் ஒலி இன்னொன்றின் மைக்கில் கசிந்து கலந்தது. தனித்தனியாகப் பதிந்து பின்னர் ஒட்டும் முறையில் அந்தக் கசிவு ஒரு குறை. இங்கோ அதுவே உயிர். சென்னை பிரசாத் ஸ்டுடியோவில் 80களில் இளையராஜாவின் குழு மொத்தமாக அமர்ந்து வாசித்த பதிவுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடி தொடங்க வேண்டும் என்ற அச்சமும் அந்த ஒலிக்குள் இருக்கும்.

2006 அக்டோபரில் வெளியான 'பேக் டு பிளாக்' மொத்தம் 11 பாடல்கள், சுமார் 35 நிமிடங்கள். முதல் தொகுப்பின் அலைச்சல் இதில் இல்லை. பழைய சோல் பாடலின் கறாரான கட்டமைப்பு ஏமியின் துயரத்துக்கு ஒரு கரை கட்டிக் கொடுத்தது. நம் ஒப்பாரியை இங்கே நினைத்துப் பார்க்கலாம். இழவு வீட்டில் தாங்கமுடியாத வலியோடு அமர்ந்திருக்கும் பெண், தலைமுறைகளாக வந்த ஒரு மெட்டுக்குள் தன் வலியை வைக்கிறாள். மெட்டு பொது, வலி மட்டும் அவளுடையது. மெட்டு அவளைத் தாங்கிக்கொள்வதால்தான் அவளால் முழுவதையும் சொல்ல முடிகிறது. ஏமி செய்ததும் இதுவே.

ஒரு சான்று போதும். 'டியர்ஸ் டிரை ஆன் தேர் ஓன்' என்ற பாடல், ஆஷ்ஃபோர்டும் சிம்ப்சனும் எழுதி 1967ல் மார்வின் கேயும் டாமி டெரலும் இணைந்து பாடிய ஒரு மோடவுன் பாடலின் இசை அடித்தளத்தின் மீது கட்டப்பட்டது. அந்தப் பழைய பாடல், எந்த மலையும் நம்மைப் பிரிக்காது என்ற காதல் உறுதிமொழி. டாமி டெரல் மூளைக்கட்டியால் 1970ல் 24 வயதில் இறந்தார் என்பது சோல் இரசிகர்கள் மறக்காத செய்தி. அந்த உறுதிமொழியின் துள்ளல் கீழே ஓட, மேலே ஏமி பாடுவது போய்விட்ட ஒருவனைப் பற்றியும், தானாகவே காய வேண்டிய கண்ணீரைப் பற்றியும். பழைய பாட்டை அறிந்த காதுக்கு இரண்டும் சேர்ந்தே கேட்கும். இதை வெறும் நகலெடுத்தல் என்று தள்ளிவிட முடியாது.

'ரீஹாப்' என்ற பாடல் உலகெங்கும் ஒலித்தது. போதை மறுவாழ்வு நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன் என்பதுதான் அதன் செய்தி. அதில் வருவது உண்மை நிகழ்ச்சி. மேலாளர் சிகிச்சைக்கு வற்புறுத்தியபோது, தந்தை அப்போது அது தேவையில்லை என்று கருதினார். நியூயார்க் தெருவில் நடந்தபடி ஏமி இதைச் சொல்லக் கேட்ட ரான்சன், அதில் ஒரு பாட்டு இருக்கிறது என்று கண்டார். கைதட்டலும் ஊதுகருவிகளும் சேர்ந்த குதூகலமான மெட்டு. கேட்டவர்கள் அந்தக் குதூகலத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் தன் நோயைப் பற்றித் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருக்க, உலகம் கூடவே கைதட்டியது.

அந்த ஆண்டே பாட்டி சிந்தியா இறந்தார். ஏமி ஆடிப்போனார். 2007ல் பிரிட்டனில் மிக அதிகம் விற்ற இசைத்தொகுப்பு 'பேக் டு பிளாக்'. அதே ஆண்டு மே மாதம், திரும்பி வந்த பழைய காதலரையே ஏமி மணந்தார். ஹெராயினும் கொக்கெயினும் அந்த வாழ்க்கையில் நுழைந்தன. ஆகஸ்டில் அளவுக்கு மீறிய போதையால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கச்சேரிகள் தடுமாறின, சில ரத்தாயின. 60களின் அமெரிக்கப் பாடகியரிடமிருந்து எடுத்துக்கொண்ட அந்த உயர்ந்த கொண்டையும் (நம் சரோஜாதேவி காலத்துக் கொண்டைகளைப் பார்த்தவர்களுக்கு அது வியப்பாயிராது) நீண்ட கண்மையும் கேலிச்சித்திரக்காரர்களுக்கு வசதியாகப் போயின. கேம்டன் வீட்டு வாசலில் புகைப்படக்காரர்கள் இரவு பகலாகக் காத்துக் கிடந்தார்கள். 2009ல் அவர் உயர் நீதிமன்றம் சென்று, தன்னைப் பின்தொடர்வதற்கு எதிராகத் தடையாணை பெற வேண்டியிருந்தது.

2008 பிப்ரவரி 10ந் தேதி நடந்த 50வது கிராமி விழாவில் ஏமி ஐந்து விருதுகளை வென்றார். ஒரே இரவில் ஐந்து கிராமி பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண் அவர். அமெரிக்க விசா உரிய நேரத்தில் கிடைக்காததால் லண்டன் ஸ்டுடியோ ஒன்றிலிருந்து செயற்கைக்கோள் வழியாகப் பாடினார். ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த பதிவு ஆகிய இரண்டு விருதுகளும் கிடைத்தது 'ரீஹாப்' பாடலுக்குத்தான்.

இந்த வெற்றியின் கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே டாப் கிங்ஸ் குழுவோடு பல ஆண்டுகளாகச் சிறிய அரங்குகளில் வியர்வை சிந்திப் பாடிக்கொண்டிருந்த ஷரோன் ஜோன்ஸுக்கு கிராமிப் பரிந்துரை கிடைத்தது 2014ன் இறுதியில்தான். விருது கிடைக்கவில்லை. 2016 நவம்பரில் புற்றுநோயால் இறந்தார். கறுப்பினத்தவர் படைத்த இசையை வெள்ளையர் பாடினால்தான் உலகம் காது கொடுக்குமா என்ற கேள்வி எல்விஸ் காலத்திலிருந்து வருவது. ஏமியின் திறமையை ஒப்புக்கொண்டே இந்தக் கேள்வியையும் கேட்டாக வேண்டும். ஏமி திறந்த கதவு வழியாகப் பலர் டாப்டோனைத் தேடி வந்தார்கள் என்பதும் உண்மை. ஜேம்ஸ் பிரவுனைப் போல வேடமிட்டுப் பாடிப் பிழைத்த சார்ல்ஸ் பிராட்லி, தன் முதல் தொகுப்பை அதே நிறுவனத்தின் துணையோடு 2011ல் 62வது வயதில் வெளியிட்டார். பிரிட்டனில் டஃபி, அடெல் ஆகியோரின் முதல் தொகுப்புகள் 2008ல் வந்தன. கடன் எந்தத் திசையில் பாய்ந்தது என்பதை இசை வரலாறு இரண்டு பத்தியாக எழுத வேண்டியிருக்கிறது.

2009ல் ஏமி மணவிலக்குப் பெற்றார். செயின்ட் லூசியா தீவில் சில மாதங்கள் தங்கினார். போதைமருந்தை விட்டுவிட்டார்; மதுவை விடமுடியவில்லை. பதின்வயதிலிருந்தே, உண்டதை வாந்தியெடுக்கும் புலிமியா நோயும் உடலை அரித்துவந்தது. லயனஸ் என்ற சிறு இசை நிறுவனத்தைத் தொடங்கி, தன் ஞானமகளான டயோன் பிராம்ஃபீல்டின் பாடல்களை வெளியிட்டார். 2011 மார்ச்சில் அபே ரோடு ஸ்டுடியோவில், தான் சிறுவயதிலிருந்து வழிபட்ட டோனி பென்னட்டுடன் 'பாடி அண்ட் சோல்' பாடலைப் பதிவு செய்தார். அந்தப் பதிவின் காட்சிகளில், மேதை என்று உலகம் சொன்ன பெண் ஒரு மாணவியைப் போல் பதற்றப்படுவதையும், 84 வயதுப் பெரியவர் பொறுமையாக அவரைத் தேற்றுவதையும் காணலாம். ஜூன் 18ந் தேதி பெல்கிரேடில் மேடையேறியபோது அவரால் பாட முடியவில்லை. கூட்டம் கூச்சலிட்டது. பயணம் கைவிடப்பட்டது. ஜூலை 20ந் தேதி கேம்டனின் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் ஞானமகள் பாட, ஏமி மேடையில் வந்து சற்று ஆடிவிட்டுப் போனார். மக்கள் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

2011 ஜூலை 23ந் தேதி கேம்டன் சதுக்கத்து வீட்டில் அவர் இறந்து கிடந்தார். போதைமருந்தால் இறந்தார் என்று இன்றும் பலர் எண்ணுகிறார்கள். ஆய்வில் சட்டவிரோதப் போதைப்பொருள் எதுவும் காணப்படவில்லை. 100 மில்லி இரத்தத்தில் 416 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தது; இங்கிலாந்தில் வாகனம் ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவு 80. சில வாரங்கள் குடிக்காமல் இருந்துவிட்டு மீண்டும் குடித்திருந்தார். முதல் விசாரணை நடத்திய அதிகாரியின் தகுதி பற்றிச் சிக்கல் எழுந்ததால் 2013 ஜனவரியில் மறுவிசாரணை நடந்தது. முடிவு மாறவில்லை: கடைகளில் சட்டப்படி விற்கும் மது. அவருடைய சாம்பல் எட்ஜ்வேர்பரி லேன் யூதக் கல்லறையில் பாட்டி சிந்தியாவின் சாம்பலோடு சேர்த்து வைக்கப்பட்டது.

அவர் இறந்த வாரம் கேம்டன் சதுக்கத்தில் மலர்கள் குவிந்தன. மலர்களுக்கிடையே சிகரெட்டுகளையும் மதுப் புட்டிகளையும் இரசிகர்கள் அஞ்சலியாக வைத்தார்கள். இதைவிடக் கொடுமையான அஞ்சலி வேறு இருக்க முடியாது. ஆனால் அதைக் கண்டு நாம் முகம் சுளிப்பதற்கு முன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். கலைஞன் என்றால் குடிப்பான், குடித்தால்தான் கவிதை வரும் என்ற பேச்சைத் தமிழில் எத்தனை முறை பெருமையாகக் கேட்டிருக்கிறோம்! தமிழ் நாடக மேடையின் ஈடிணையற்ற குரலான எஸ்.ஜி. கிட்டப்பா 1933ல் மறைந்தபோது அவருக்கும் வயது 27தான். 25 வயதில் வெள்ளுடை உடுத்திய கே.பி. சுந்தராம்பாள் அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் அந்த இழப்பைச் சுமந்தார். இளவயது மரணத்தை நாம் காவியமாக்கிவிடுகிறோம். காவியத்தில் நோயாளிக்கு இடமில்லை.

லண்டனில் வளர்ந்த இந்திய வம்சாவளி இயக்குநர் ஆசிஃப் கபாடியா எடுத்த 'ஏமி' என்ற ஆவணப்படம் 2015ல் வந்து, மறு ஆண்டு ஆஸ்கர் விருது பெற்றது. அதன் பார்வையை ஏமியின் குடும்பத்தார் ஏற்கவில்லை. யார் காப்பாற்றியிருக்க முடியும் என்ற வழக்கு அத்தோடு தீரவில்லை, தீரவும் போவதில்லை. குடும்பத்தார் அவருடைய 28வது பிறந்தநாளில் தொடங்கிய அறக்கட்டளை, 2016ல் போதையிலிருந்து மீளும் இளம் பெண்களுக்காக லண்டனில் ஓர் இல்லம் அமைத்தது. சிகிச்சைக்குப் போகமாட்டேன் என்று பாடிப் புகழ்பெற்றவரின் பெயரில், சிகிச்சை முடித்த பெண்கள் வந்து தங்க ஒரு வீடு!

கேம்டன் ஸ்டேபிள்ஸ் சந்தையில் 2014 முதல் அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன் இடுப்பில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாசகர்கள் அவரைச் சந்திக்க அங்கே போகவேண்டியதில்லை. 'பேக் டு பிளாக்' தொகுப்பை ஒருமுறை முதலிலிருந்து கேட்டால் போதும். கைதட்டல் வரும் இடங்களில் மட்டும் சற்று நிறுத்தி, அந்தப் பெண் என்ன சொல்கிறார் என்று காது கொடுங்கள். எதையும் அவர் மறைக்கவில்லை.